பேசும் பெட்டியும் வங்கிக் கணக்கும்: இணைப்பில் கவனம் தேவை

மளிகைக் கடை மேசையில் தராசுக்குப் பக்கத்தில் இன்று ஒரு பேசும் பெட்டியும் இடம் பிடித்துவிட்டது. வாடிக்கையாளர் செல்போனில் பணம் செலுத்தியதும், வந்த தொகையை அது உரக்கச் சொல்கிறது. அந்தப் பெட்டி எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் நம்மில் பலர் விசாரிப்பதில்லை. நம் அன்றாட வரவு இதில் அடங்கியிருப்பதால், உறுப்பினர்கள் இதை விளங்கிக்கொள்வது அவசியம்.

பணம் பெட்டியின் வழியாக வருவதில்லை. 2016-ல் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறையில் பணம் வங்கிக்கு வங்கி மாறுகிறது. அந்த விவரம் பெட்டி கொடுத்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு உண்டு. அதன் மூலம், வயர் இல்லாமலே, சர்வர் அனுப்பும் செய்தியைப் பெற்றுப் பெட்டி பேசுகிறது. ஆக, அது தண்டோரா போடுகிற ஆளே தவிர, கணக்குப்பிள்ளை அல்ல.

இங்கே மூன்று இணைப்புகள் உள்ளன. ஒன்று, க்யூ.ஆர். அட்டையில் அடங்கிய யு.பி.ஐ. முகவரி. இரண்டு, நிறுவனத்திடம் நம் கடைப் பெயரில் உள்ள வியாபாரிக் கணக்கு. பெட்டியின் எண் இதில்தான் பதிவாகிறது. மூன்று, அதோடு சேர்த்த வங்கிக் கணக்கு. பணம் கடைசியில் போய்ச் சேருமிடம் இதுவே. இம்மூன்றுக்கும் சாவி, பதிவு செய்த செல்போன் எண்.

இணைப்பின் முக்கியத்துவத்தை 2024-ல் கண்கூடாகப் பார்த்தோம். பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்குகளில் 2024 மார்ச் 15-க்குப் பின் புதிய வரவு கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த வங்கிக் கணக்கிலேயே பணம் பெற்று வந்த வியாபாரிகள் வேறு வங்கிக்கு மாற வேண்டியதாயிற்று. முன்பே வேறு வங்கிக் கணக்கை இணைத்திருந்தவர்களோ அதே அட்டையையும் பெட்டியையும் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது. பெட்டி ஒன்றுதான், இணைப்புதான் வேறு.

ஆகவே, கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்:

1. பதிவு செய்யும் எண் முதலாளியுடையதாக இருக்கட்டும். கடைப் பையனின் எண்ணில் பதிந்துவிட்டு, அவர் வேலையை விட்டுப் போனபின் அலைய வேண்டாம்.

2. கூட்டு வியாபாரமானால் நிறுவனத்தின் பெயரிலுள்ள நடப்புக் கணக்கையே இணைக்கவும். ஒரு பங்குதாரரின் சொந்தக் கணக்கில் வரவு விழுந்தால் பாகம் பிரிக்கும்போது மனக்கசப்புதான் மிஞ்சும்.

3. பெட்டி வைத்த அன்றே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். பெட்டி பேசினால் மட்டும் போதாது. வங்கிக் கணக்கில் வரவாகிறதா, உடனேயா மறுநாளா என்றும் பாருங்கள்.

4. கணக்கை மாற்றித் தருவதாகப் போனில் கேட்பவரிடம் ஓ.டி.பி. சொல்லக் கூடாது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. கேட்டால் மோசடி என்று கொள்க. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

5. காலையில் கடை திறந்ததும் க்யூ.ஆர். அட்டையைப் பாருங்கள். அதன்மேல் வேறு அட்டை ஒட்டிப் பணத்தைத் திருப்பிக்கொள்ளும் ஏமாற்று நடக்கிறது.

6. கடையை விற்றாலோ பெட்டி வேண்டாமென்றாலோ நிறுவனத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டிக்கவும். பெட்டியைப் பரணில் போட்டுவிட்டால் வாடகைப் பிடித்தம் நிற்காது.

சிக்னல் இல்லாதபோது பெட்டி பேசாமல் இருக்கலாம், பணம் வந்திருக்கும். அதற்காக வாடிக்கையாளரிடம் சண்டை வேண்டாம். அதேபோல அவர் செல்போனில் காட்டும் படத்தை மட்டும் நம்பிச் சரக்கைக் கொடுக்கவும் வேண்டாம். நம் செல்போனில் நம் கணக்கைப் பார்ப்பதே சரியான வழி.

இரவு கல்லாவை எண்ணும்போது, யு.பி.ஐ. வரவையும் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்துப் பேரேட்டில் எழுதிவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். குறை ஏதும் இருந்தால் மறுநாள் காலையிலேயே கேட்டுவிடலாம்.