ஏமாத்திட்டார்னா உடனே எஃப்ஐஆர் போட முடியுமா?

"நம்பிக் கொடுத்தேன், ஏமாத்திட்டார். ஸ்டேஷனுக்குப் போனா, இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாங்க." நமக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. அந்தப் பதில் எப்போ சரி, எப்போ தப்புன்னு இன்னிக்குப் பார்க்கலாம்.

நாம பேச்சுல 'நம்பிக்கை மோசடி'ன்னு சொல்றதும் சட்டம் சொல்றதும் ஒண்ணு இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 405, 406-வது பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 316. ரெண்டிலுமே முக்கியமான வார்த்தை 'ஒப்படைத்தல்'. பொருளோ பணமோ அவர் கையில் இருக்கும், ஆனா அவருடையது ஆகியிருக்காது. நீங்க சொன்ன காரியத்துக்குத்தான் அவர் அதை வைத்திருக்கிறார். அதை நேர்மையில்லாம தனக்குன்னு எடுத்துக்கிட்டா குற்றம்.

டெல்லி ரேஸ் கிளப் வழக்கைப் பாருங்க. குதிரைத் தீவனம் சப்ளை செய்தவர், 9,11,434 ரூபாய் பாக்கி வரலைன்னு புகார் கொடுத்தார். மாஜிஸ்திரேட் 406-ல் சம்மன் அனுப்பினார். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம் எளிமையானது: விற்ற தீவனம் கைமாறினதுமே வாங்கினவருடைய சொத்து. அதை அவர் என்ன செய்தாலும் நம்பிக்கை மோசடி ஆகாது. பாக்கி நிற்கிறது பணம், அதை சிவில் கோர்ட்டில்தான் கேட்கணும்.

அதே தீர்ப்பில் இன்னொண்ணும் இருக்கு. ஏமாற்றுதல்னா ஆரம்பத்திலேயே கெட்ட எண்ணம் இருக்கணும். நம்பிக்கை மோசடியில் பொருள் ஒழுங்காத்தான் கைக்கு வரும், புத்தி பிறகு மாறும். ஒரே சம்பவத்துக்கு ரெண்டும் சேர்ந்து பொருந்தாது. 'எதுக்கும் 406, 420 ரெண்டையும் போட்டு வைப்போம்'னு புகார் எழுதுற பழக்கம் நம்ம ஊரில் ரொம்பவே இருக்கு. அது புகாரைத்தான் பலவீனமாக்கும்.

இப்ப நகைக்கு வருவோம். மனைவியின் சீதன நகையைக் கணவர் வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு தர மறுத்தால்? 'குடும்ப விவகாரம், சிவில்'னு சொல்லித் தப்பிக்க முடியாது. சீதனம் அவளுடைய சொத்து, ஒப்படைத்ததைத் திருப்பித் தராதது குற்றமாகலாம்னு 1985-ல் பிரதிபா ராணி வழக்கிலேயே சொல்லிட்டாங்க.

நடுவில் நிற்கிற வழக்கு நம்ம சென்னையிலிருந்து போனது. இந்தியன் ஆயில் விமான எரிபொருள் கொடுத்தது. பாக்கிக்கு ஈடாக என்இபிசி நிறுவனம் விமானங்களை ஹைபாதிகேஷன் வைத்தது. அப்புறம் இன்ஜின்களைக் கழற்றிட்டாங்கன்னு புகார். விமானம் கடன் வாங்கினவரிடமே இருந்ததால் ஒப்படைப்பு இல்லை, ஆகவே நம்பிக்கை மோசடி இல்லைன்னு 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனா ஏமாற்றுதல், சொத்துக்குச் சேதம் விளைவித்தல் ரெண்டுக்கும் புகார் தொடரலாம்னும் சொன்னது. சிவில் வழி இருக்குங்கறதாலேயே கிரிமினல் வழி அடைபடாது.

ஒரு எச்சரிக்கை. கடன் பணத்துக்கும் சரக்குப் பாக்கிக்கும் வழக்குப் போட பொதுவா 3 வருஷம்தான் காலம். அதுக்குள்ள அவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டா, அந்த நாளிலிருந்து கணக்கு புதுசா தொடங்கும். ஸ்டேஷனுக்கு அலைஞ்ச மாசங்களை எந்த கோர்ட்டும் கழிச்சுத் தராது.