பிடிச்சவருக்கு 1, அடுத்தவருக்கு 2... ஓட்டு வீணாகாத தேர்தல் முறை!

திருவேங்கடம்:

"அவர் நல்ல மனுசன்தான். ஆனா ஜெயிக்க மாட்டாரே... அவருக்குப் போட்டா ஓட்டு வேஸ்ட்டுதானே?"

தேர்தல் வந்துவிட்டால் டீக்கடை முதல் தீப்பெட்டி ஆபீஸ் வரை கேட்கும் பேச்சு இது. இந்தக் கவலையே இல்லாமல் ஓட்டுப் போட ஒரு வழி இருக்கிறது. பிடித்த வேட்பாளருக்கு 1, அவர் இல்லாவிட்டால் இவர் என்று நினைப்பவருக்கு 2, அதற்கும் அடுத்தவருக்கு 3 என்று நம்பர் போட வேண்டும். இதுதான் விருப்ப ஓட்டு முறை. நம்ம நாட்டு ஜனாதிபதியை எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம்ம தொகுதியில் நடந்தது என்ன?

2021 சட்டசபை தேர்தலில், திருவேங்கடம் அடங்கிய சங்கரன்கோவில் தொகுதியில் முதல் 2 பேருக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுமார் 5 ஆயிரத்து 300 ஓட்டு. 3-வது வந்தவர் வாங்கியதோ 20 ஆயிரத்துக்கும் மேல்! பக்கத்து தென்காசி தொகுதியில் வித்தியாசம் வெறும் 370 ஓட்டுதான்.

இரண்டு இடத்திலுமே ஜெயித்தவருக்கு பாதி ஓட்டு கிடைக்கவில்லை. 3-வது, 4-வது வந்தவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் முதல் 2 பேரில் யாரை விரும்பினார்கள்? அதைச் சொல்ல இப்போதைய முறையில் வழியே கிடையாது.

எப்படி எண்ணுவார்கள்?

ஒரு ஊரில் 100 ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடை சின்னத்துக்கு 40, மணிக்கு 35, ஏணிக்கு 25 விழுகிறது. இப்போதைய முறையில் குடைதான் ஜெயிக்கும். வேண்டாம் என்ற 60 பேர் பேச்சு எடுபடாது.

நம்பர் முறையில் பாதிக்கு மேல், அதாவது 51 வேண்டும். யாருக்கும் அது இல்லாததால் கடைசியாக வந்த ஏணி அவுட். அந்த 25 சீட்டையும் எடுத்து, 2 என்று யாருக்கு எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 20 பேர் மணிக்கும், 5 பேர் குடைக்கும் எழுதியிருந்தால் மணி 55, குடை 45. மணிக்கு வெற்றி!

ஏணிக்குப் போட்டவர் ஓட்டும் வீணாகவில்லை. இன்னொரு லாபமும் உண்டு. எதிராளியின் ஆதரவாளர்களிடமும் "எனக்கு 2 போடுங்க" என்று கேட்டுப் போக வேண்டும் என்பதால், வேட்பாளர்கள் வாய்க்கு வந்தபடி திட்ட யோசிப்பார்கள்.

வி.வி.கிரி ஜெயித்த கதை

1969-ல் நடந்த ஜனாதிபதி தேர்தலில் 15 பேர் போட்டி. ரெயில்வே தொழிற்சங்க தலைவராக இருந்த வி.வி.கிரிக்கும் காங்கிரஸ் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டிக்கும் கடும் போட்டி. முதல் சுற்றில் கிரிக்கு 4 லட்சத்து 1,515 ஓட்டு மதிப்பு. தேவைப்பட்டதோ 4 லட்சத்து 18 ஆயிரத்து 169. கடைசியில் வந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அடுத்த விருப்பங்களை எண்ணினார்கள். அதன் பிறகுதான் கிரி 4 லட்சத்து 20 ஆயிரத்து 77 எடுத்து வெற்றி பெற்றார்.

இலங்கை சொல்லும் பாடம்

இலங்கையில் பொதுமக்களே ஜனாதிபதி தேர்தலில் 1, 2, 3 போடலாம். 1982-ல் இருந்து எல்லா ஜனாதிபதி தேர்தலும் முதல் எண்ணிக்கையிலேயே முடிந்தது. 2024 செப்டம்பர் 21-ல் நடந்த தேர்தலில்தான் முதல் முறையாக 2-வது எண்ணிக்கை தேவைப்பட்டது. அனுர குமார திசநாயக்க 42.31 சதவீதம், சஜித் பிரேமதாச 32.76 சதவீதம். அங்கே முதல் 2 பேரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் அவுட். 2 லட்சத்து 26 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வாங்கிய தமிழ் பொது வேட்பாளர் அரியநேத்திரனும் அதில் ஒருவர். அவருக்கு 1 போட்ட தமிழர்கள், அனுரவுக்கோ சஜித்துக்கோ அடுத்த நம்பர் போட்டிருந்தால் அந்த ஓட்டு கடைசி வரை உயிரோடு இருந்திருக்கும்.

ஆனால் நடந்தது என்ன? வெளியேறியவர்கள் வாங்கிய ஓட்டு சுமார் 33 லட்சம். அதில் அனுரவுக்கும் சஜித்துக்கும் போய்ச் சேர்ந்தது 2 லட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. மற்ற சீட்டுகளில் அந்த இருவருக்கும் அடுத்த நம்பர் இல்லை! முடிவில் அனுர 57 லட்சத்து 40 ஆயிரத்து 179 ஓட்டு பெற்று ஜெயித்தார். அதுவும் மொத்த ஓட்டில் பாதியைத் தொடவில்லை.

கஷ்டமும் உண்டு

எண்ணி முடிக்க நேரம் ஆகும். நம்ம ஓட்டு மெஷினில் ஒரே ஒரு பட்டனைத்தான் அமுக்க முடியும் என்பதால் அதையும் மாற்ற வேண்டும். நாடாளுமன்றம் சட்டம் போட்டால்தான் சட்டசபை தேர்தலில் இந்த முறை வரும்.

ஒருநாள் அப்படி வந்தால், 1 போட்டதும் வேலை முடிந்தது என்று சீட்டை மடித்து விடாதீர்கள். 2-ம் 3-ம் எழுதினால்தான் உங்கள் ஓட்டுக்கு முழு பலம்!