ஆணையின்றி ஒருமித்து வாழ இயலுமா?

'அராஜகம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் கொள்ளையும் குழப்பமுமே நம் மனத்தில் தோன்றுகின்றன. ஆயினும் அச்சொல்லையே தம் கொள்கைக்குப் பெயராக ஏற்றுக்கொண்ட ஓர் அறிஞர், மக்கள் தாமே கூடித் தாமே விதி வகுத்துத் தாமே அதற்கு அடங்கி நடக்கும் வாழ்வைப் போதித்தார். அவர்தாம் ருஷ்ய நாட்டுப் பீட்டர் குரோபாட்கின். அவருடைய கருத்துக்கள் அனைத்தும் நமக்கு உடன்பாடாக இருக்கவேண்டும் என்பதில்லை. எனினும், கூட்டுறவுச் சங்கத்தில் அங்கம் வகிக்கும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா ஒன்றை அவர் எழுப்பியிருக்கிறார்.

குரோபாட்கின் 1842-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இராணுவக் கல்வி முடிந்தபின் 1862 முதல் 1867 வரை சைபீரியாவில் உத்தியோகம் பார்த்தார். தலைநகரிலிருந்து வந்த உத்தரவுகள் தாளில் தங்கிவிடுவதையும், குடியானவர்கள் தாமே கலந்து பேசித் தொடங்கிய காரியங்கள் கைகூடுவதையும் அங்கே கண்டார். 1872-இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரா மலைப்பகுதிக்குச் சென்று, கடிகாரத் தொழிலாளரோடு சில நாட்கள் பழகினார். வீட்டிலும் சிறு பட்டறையிலும் அமர்ந்து தொழில் செய்த அவர்கள், வேலைக்கிடையே பொதுக் காரியங்களை விவாதித்தார்கள். தலைவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்கவில்லை. தம் கொள்கை அங்கேதான் உறுதிப்பட்டது என்று அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அக்கொள்கைக்காக 1874-இல் ருஷ்யாவில் சிறைப்பட்டு, 1876-இல் தப்பினார். பிரான்ஸிலும் 1883 முதல் 1886 வரை சிறையிருந்தார். பின்னர் 1917 வரை இங்கிலாந்திலே வாழ்ந்து நூல்கள் பல எழுதினார்.

அவற்றுள் முதன்மையானது, பரஸ்பர உதவியைப் பற்றி 1902-இல் வெளிவந்த நூல். வலியது பிழைக்கும், எளியது மடியும் என்பதே இயற்கையின் ஒரே நியதி என அறிஞர் பலர் அக்காலத்தில் வாதித்தனர். சைபீரியக் கடுங்குளிரில் விலங்குகளை உற்று நோக்கிய குரோபாட்கின் இதை மறுத்தார். கூடி வாழும் உயிர்களே நிலைத்து வாழ்கின்றன. மனிதரின் கிராம சமுதாயங்களும் தொழிற்குழுக்களும் அரசாங்கத்தின் ஆணையால் பிறந்தவையல்ல என்று காட்டினார். கடலில் தத்தளிப்போரைக் காக்கப் படகேறும் பிரிட்டிஷ் உயிர்காப்புச் சங்கத்தை அவர் விரும்பி எடுத்துக்காட்டுவார். 1824-இல் தோன்றிய அச்சங்கம் இன்றும் பெரும்பாலும் பொதுமக்கள் நன்கொடையாலும் தொண்டர்களாலுமே நடைபெறுகிறது. புயலில் புறப்படுமாறு அத்தொண்டர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவுமில்லை.

நெசவாளரும் பயிரிடுவோரும் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு நூல், வயலும் ஆலையும் பட்டறையும் பற்றி அவர் 1899-இல் வெளியிட்டது. பெரிய ஆலைகள் பெருகினால் சிறுதொழில்கள் அழிந்தே தீரும் என்பதை அவர் ஒப்பவில்லை. பிரான்ஸின் லியோன் நகரைச் சுற்றிய கிராமங்களில் பட்டு நெசவும் உழவும் இணைந்து நடந்ததை ஆராய்ந்தார். உழவும் கைத்தொழிலும் ஓரூரிலே அடுத்தடுத்து அமைந்தால் மக்கள் பிறர் தயவை எதிர்பாராமல் வாழலாம் என்பது அவர் முடிபு. வயிற்றுப்பாட்டிற்குப் பிறர் கையை நோக்கியிருப்பவனுக்குச் சுதந்திரம் வெறும் சொல்லே என்று அவர் கருதினார்.

கூட்டுறவைப் பற்றி அவர் கூறியது புகழுரை மட்டுமன்று. கலப்பட உரத்தால் ஏமாந்த பிரெஞ்சு விவசாயிகள், 1884-ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்த பின் சங்கங்கள் அமைத்து ஒன்றாக உரம் வாங்கியதைப் பாராட்டினார். ஆனால், பிரிட்டனில் கூட்டுறவு பல இடங்களில் பங்கு இலாபத்தை மட்டுமே கருதும் சுயநலக் கூட்டமாகச் சுருங்கக்கூடும் என்ற குறையையும் மறைக்கவில்லை. இலாப ஈவு அறிவிக்கும் நாளில் மாத்திரம் சங்கத்தை நினைப்பவர்க்கு இந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

1917-இல் ருஷ்யா திரும்பிய அவர், மறு ஆண்டு முதல் மாஸ்கோவுக்கு வடக்கேயுள்ள திமித்ரோவ் என்னும் சிற்றூரில் வசித்தார். அங்குள்ள கூட்டுறவாளர்களோடு நெருங்கிப் பழகினார். 1919 மார்ச்சில் புதிய அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வோர் ஊரிலும் ஒரே நுகர்வோர் சங்கம், ஊரார் அனைவரும் அதில் அங்கத்தினர் என்பது அதன் சாரம். சங்கம் பெயரளவில் நின்றது. சேரவும் விலகவும் இருந்த உரிமை போயிற்று. அவ்வாண்டு மே மாதம் குரோபாட்கின் லெனினை நேரில் கண்டு, உள்ளூர் அதிகாரிகள் கூட்டுறவாளரை இடர்ப்படுத்துவதை எடுத்துரைத்தார். தம் நூலை அரசாங்கப் பதிப்பகம் வெளியிடலாகாது, கூட்டுறவுப் பதிப்பகம் வெளியிடுவதாயின் சம்மதம் என்றும் கூறினார். 1920 மார்ச்சில் லெனினுக்கு எழுதிய கடிதத்தில், அந்தந்த ஊர் உழவரும் தொழிலாளரும் கீழிருந்து கட்டாவிடில் புது வாழ்வு அமையாது என்பதை வலியுறுத்தினார். 1921 பிப்ரவரியில் அவர் காலமானார். லெனினே 1923 ஜனவரியில் கூட்டுறவின் அவசியத்தைப் பற்றித் தனிக் கட்டுரை சொல்லி எழுதுவிக்க நேர்ந்தது.

இவர் கொள்கையில் குறை இல்லையா? உண்டு. அரசே இல்லாவிடில் வலியவன் எளியவனை நசுக்கும்போது தடுப்பவர் யார் என்ற கேள்விக்கு, வழக்கமும் பொதுமக்கள் அபிப்பிராயமும் போதும் என்றார் அவர். முதலுடைய வியாபாரியிடம் நூலுக்கும் விதைக்கும் கடன்பட்டு நின்ற குடும்பங்கள் இவ்விடையால் திருப்தியடைய மாட்டா. கணக்குத் தணிக்கையும் பதிவுச் சட்டமும் ஏழை அங்கத்தினரின் பங்குத்தொகையைக் காக்கவே ஏற்பட்டவை. மேலும், எல்லா அரசுகளையும் மறுத்த அவரே முதல் உலகப் போரில் நேச நாடுகளின் பக்கம் நின்றதால் நெடுநாளைய நண்பர் பலரை இழந்தார்.

இருப்பினும் அவர் கண்ட உண்மையொன்றை நாம் தள்ள இயலாது. சட்டம் வேலியாகலாம், வேலி பயிராகாது. மகாசபைக் கூட்டத்திற்கு வராமல், வரவுசெலவைக் கேளாமல், தேர்தலில் வாக்களியாமல் அங்கத்தினர் ஒதுங்கிவிட்டால், அந்த வெற்றிடத்தை அதிகாரம் நிரப்பும். அதற்கு எவரும் சதி செய்யவேண்டியதில்லை. நூல் கொள்முதல், நெல் விற்பனை, கடன் வழங்கல் ஆகிய ஒவ்வொன்றிலும் தம் அறிவையும் குரலையும் செலுத்தும் அங்கத்தினர் இருக்கும் சங்கத்தில் மேலிடத்து ஆணைக்கு வேலை குறையும். அரசற்ற சமுதாயம் என்றேனும் வருமோ, வாராதோ, நாமறியோம். நம்மை நாமே ஆண்டுகொள்ளும் பழக்கத்தைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்; அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.