பேட்டரியும் ஒரு சேமிப்புக் கணக்குதான்

சோலார் போட்ட வீடுகளில் பேனல் இருபது வருஷம் தாண்டியும் உழைக்கும். சீக்கிரம் படுத்துவிடுவது பேட்டரிதான். கையில் இருக்கிற காசு பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது. கொஞ்சம் கவனித்தால் அதன் ஆயுளை நன்றாகவே நீட்டலாம். இங்கே சொல்வது, நம்மில் பலர் வைத்திருக்கும், தண்ணீர் ஊற்றுகிற டியூபுலர் பேட்டரிக்கு. லித்தியம் பேட்டரிக்குத் தண்ணி வேலை கிடையாது.

வங்கியில் இருந்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியின் முழு இருப்பு 1,800 வாட்-மணி. அதில் பாதிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. 75 வாட் மின்விசிறி ஒன்று 8 மணி நேரம் ஓடினால் 600; 9 வாட் பல்பு நான்கு 5 மணி நேரம் எரிந்தால் 180. இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். பாதி முடிந்தது! இதோடு மிக்ஸியையும் சேர்த்தால் தாங்காது.

எடுத்ததை மறுநாள் வெயிலில் முழுசாகத் திருப்பிப் போட்டுடணும். குறை சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் ஈயத் தகட்டில் உப்பு படிந்து இறுகிவிடும். அப்புறம் பேட்டரி சார்ஜ் வாங்காது. அடைமழை நாட்களில் செலவைக் குறையுங்கள், வசதி இருந்தால் ஈ.பி. கரண்டில் ஏற்றிவிடுங்கள். பேனலில் படிந்த தூசியைக் காலையிலேயே, சூடேறும் முன்னே கழுவுங்கள்.

மாதம் ஒரு தடவை மிதவையைப் பாருங்கள். சிவப்புக்கு இறங்கியிருந்தால், முழு சார்ஜ் ஆனபின் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் பச்சைக் கோடு வரை ஊத்தணும். போர் தண்ணி கூடாது. அதிலுள்ள உப்பும் இரும்பும் தகட்டைக் கெடுக்கும். ஆசிட்டும் சேர்க்காதீர்கள். குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல.

முனையில் பூத்த பச்சை, வெள்ளைப் பொடியை, இன்வெர்ட்டரை அணைத்து, மூடிகளை இறுக்கி, கையுறை போட்டு, சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து வாசலின் தடவுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். எனவே காற்றோட்டமான இடம் வேணும். பக்கத்தில் விளக்கு, பீடி, வைக்கோல் ஆகாது.

கடைசியாக ஒன்று. தீர்ந்த பேட்டரியைத் தோட்டத்தில் உடைக்கவோ ஆசிட்டைக் கொட்டவோ விடாதீர்கள். ஈயம் மக்காது, எந்த ஜீவாமிர்தமும் அதை மண்ணிலிருந்து எடுக்காது. 2022ஆம் ஆண்டு வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி, பழசைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கிய கடையிலேயே கொடுத்தால் புதுசின் விலையிலும் கழிவு கிடைக்கும், மண்ணும் பிழைக்கும்.