தினமும் பஸ்ஸா, ஹாஸ்டலா? சின்னசேலம் வீடுகளில் ப்ளஸ் டூவுக்குப் பிறகு எழும் மூன்றாவது கேள்வி!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று ஊர் முழுக்கக் கேட்பது இரண்டே கேள்விகள்தான். `என்ன மார்க்?', `எந்த காலேஜ்?'. மூன்றாவது கேள்வி கொஞ்சம் தாமதமாக, ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், வீட்டுக்குள் மட்டும் எழும்.

``தினமும் போயிட்டு வந்துடுவியா, இல்ல அங்கேயே தங்கணுமா?''

சின்னசேலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபமில்லை. ஊர் அப்படி ஓர் இடத்தில் இருக்கிறது. சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. சேலம் - விருத்தாசலம் பாதையில் ரயில் நிலையமும் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் கள்ளக்குறிச்சி சுமார் 15 கிலோமீட்டர். மேற்கே ஆத்தூர், அதன் இரண்டு மடங்கு தூரம். சேலம் சுமார் 80 கிலோமீட்டர். கிழக்கே விருத்தாசலம் 60, அதையும் தாண்டினால் சிதம்பரம், 100 கிலோமீட்டருக்கு மேல். எல்லாமே `போயிட்டு வந்துடலாம் போல' தெரியும் தூரம். ஏமாற்றுவதும் அந்த `போல'தான்.

கள்ளக்குறிச்சியில் சீட் கிடைத்தால் பெரும்பாலும் பிரச்னை இல்லை, வீட்டிலிருந்தே போய் வரலாம். சென்னை, கோவை என்றாலும் குழப்பமில்லை, தங்கித்தான் ஆக வேண்டும். நடுவில் இருக்கும் ஆத்தூரும் சேலமும்தான் வீட்டையே இரண்டாகப் பிரிக்கின்றன.

37 நாள் பஸ்ஸிலேயே!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சேலத்தில் ஒரு கல்லூரி. சின்னசேலத்தில் பஸ் ஏறினால் சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால், கல்லூரி பஸ் ஸ்டாண்டுக்குள் இல்லை. உதாரணத்துக்கு, 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் சேலத்தையும் கடந்து பெங்களூரு சாலையில், கருப்பூர் பக்கம் இருக்கிறது. இன்னொரு பஸ் மாற வேண்டும். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பது, காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம். போக வர ஐந்து மணி நேரம்.

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால், வருடத்துக்கு 180. ஐந்தால் பெருக்கினால் 900 மணி நேரம். அதை 24-ஆல் வகுத்துப் பாருங்கள். 37 முழு நாள்களுக்கு மேல் வருகிறது. பகலும் ராத்திரியுமாக 37 நாள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பதற்குச் சமம். உட்கார்ந்து என்று எழுதிவிட்டேன். காலை நேர பஸ்ஸில் சீட் கிடைத்தால்தான் அதுவும்.

ஆத்தூருக்கு இதே கணக்கு, ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால், 540 மணி நேரம். சமாளிக்கலாம்தான். ஆனால், கல்லூரியின் நேரத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. பல அரசுக் கலைக் கல்லூரிகளில் இரண்டு ஷிஃப்ட் உண்டு. முதல் ஷிஃப்ட் காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது, மதியம் தொடங்கி மாலை வரை போகும். முதல் ஷிஃப்ட் மாணவர் மாலை டிபனுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அதே கல்லூரியில் இரண்டாவது ஷிஃப்ட் கிடைத்த மாணவி, டிசம்பர் மாதத்தில் இருட்டிய பிறகுதான் ஆத்தூரில் பஸ்ஸே ஏறுவார். சீட் கிடைத்ததும் `எந்த ஷிஃப்ட்?' என்று கேட்பதற்கு முன்னால் தங்குவதைப் பற்றி யோசிப்பதில் அர்த்தமில்லை.

ரயில் மலிவு. மாணவர்களுக்கு சீசன் டிக்கெட் சலுகையும் உண்டு. ஆனால், இந்தப் பாதையில் ஓடும் பாசஞ்சர் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது மணிக்கணக்கில் கழித்துத்தான். ரயிலை நம்புகிறவர்கள் கல்லூரி டைம்டேபிளையும் ரயில் டைம்டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். காலை ரயில் பத்து நிமிடம் பொருந்தாவிட்டாலும் முதல் பீரியட் தினமும் போய்விடும். கல்லூரிகள் கேட்கும் 75 சதவிகித அட்டெண்டன்ஸில் அந்தப் பத்து நிமிடம் செமஸ்டர் கடைசியில் வந்து நிற்கும்.

பஸ் செலவைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரி என்றால் இலவச பாஸ் உண்டு. பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. ஆனால், அது டவுன் பஸ் ஓடும் தூரம் வரைதான். சேலம் போகும் பஸ்ஸில் அது செல்லாது.

`ஹாஸ்டல்' என்ற வார்த்தையின் எடை

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், `ஹாஸ்டல்ல சேர்த்துடலாம்' என்று இந்தப் பகுதியில் சட்டென்று வாயில் வராததற்குக் காரணம் உண்டு. சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில், ஒரு தனியார் உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்த ப்ளஸ் டூ மாணவி 2022 ஜூலை 13 அன்று இறந்துகிடந்தார். நான்கு நாள் கழித்து, ஜூலை 17 அன்று, போராட்டம் கலவரமாகி பள்ளியும் பஸ்களும் எரிந்தன. தமிழ்நாட்டுக்கு அது ஒரு செய்தி. இந்த ஊர்க்காரர்களுக்கு, தினமும் பஸ்ஸில் கடக்கும் இடம்.

அதனால், `பொம்பளப் புள்ளைய எதுக்கு அவ்ளோ தூரம் விடணும்?' என்று ஒரு அப்பா கேட்டால், அதைப் பழமைவாதம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியவில்லை. பயம் நிஜமானது. ஆனால், அந்தப் பயம் எடுக்க வைக்கும் முடிவு என்னவாக இருக்கிறது? சேலத்தில் கேட்ட கோர்ஸ் கிடைத்தும் விட்டுவிட்டு, பக்கத்தில் கிடைத்த ஏதோ ஒன்றில் சேர்வது. இந்த விலையைப் பெரும்பாலும் மகள்கள்தான் கொடுக்கிறார்கள். மகன் என்றால், `பசங்களோட ரூம் எடுத்துக்குவான்' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. எந்த ரூம், எத்தனை பேர், யார் அந்தப் பசங்க என்று கேட்பவர்கள் குறைவு. முதல் வருடத்தில் அவனுக்கும் 17 வயதுதான்.

பயத்தை வைத்துக்கொண்டு சீட்டை விடுவதைவிட, அதே பயத்தை எடுத்துக்கொண்டு போய் ஹாஸ்டல் வாசலில் கேள்வி கேட்கலாம். கேட்பதற்குச் சட்டமே இருக்கிறது. 2014-ம் ஆண்டு கொண்டுவரப்பட்ட தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி, பெண்கள் தங்கும் தனியார் விடுதி பதிவு செய்யப்பட்டு, கலெக்டரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். `லைசென்ஸ் காட்டுங்க' என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சுவரில் மாட்டியிருந்தால், எந்தத் தேதி வரை செல்லும் என்று படித்துப் பாருங்கள். `அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்' என்று பதில் வந்தால், அந்த மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அட்வான்ஸ் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. டிப்ளமோ படிக்கப் போன வருடம் நான் தங்கிய பி.ஜி-யில், காலி செய்யும்போது `பெயின்ட்டிங் சார்ஜ்' என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இருந்த வரைக்கும் அந்தச் சுவரில் பெயின்ட்டே இல்லை. எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், விடுமுறை மாதத்துக்கும் வாடகை உண்டா... இந்த மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். `ஜி.எஸ்.டி தனி' என்று யாராவது சொன்னால், ஜி.எஸ்.டி கவுன்சில் 2024 ஜூனில் எடுத்த முடிவைச் சொல்லுங்கள். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரை, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி கிடையாது.

ராகிங் பற்றிய பயமும் இதோடு சேர்ந்தே வரும். 1996-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அதன் பிறகுதான், 1997-ல், தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-ம் ஆண்டின் யு.ஜி.சி விதிகள், முதல் வருட மாணவர்களை முடிந்தவரை தனி பிளாக்கில் தங்க வைக்கச் சொல்கின்றன. இடம் இல்லையென்றால், சீனியர்கள் அங்கே வந்து போவதைக் கண்காணிக்க வேண்டும். அட்மிஷன் நாளில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, `ராகிங் இருக்கா?' என்பது அல்ல. அதற்கு எல்லோரும் `இல்லை' என்றுதான் சொல்வார்கள். `ஃபர்ஸ்ட் இயர் பசங்க எந்த பிளாக்?' என்று கேளுங்கள். பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். 1800-180-5522 என்ற தேசிய ராகிங் தடுப்பு உதவி எண்ணை பிள்ளையின் போனில் பதிந்துவிடுங்கள்.

அரசு விடுதி என்று ஒன்று இருக்கிறது

பக்கத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போடும் குடும்பங்களில் பலர், தங்குவது என்றாலே தனியார் விடுதிக் கட்டணத்தை நினைத்துக்கொண்டு பின்வாங்குகிறார்கள். அரசு நடத்தும் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் கட்டணம் இல்லை. 2025 ஜூலையில் இவற்றுக்கு `சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றப்பட்டிருக்கிறது. கல்லூரி விடுதி மாணவருக்கான மாத உணவுத் தொகை 2023-ல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தப்பட்டது. சமையல் எப்படி இருக்கும் என்பது வார்டனையும் சமையலரையும் பொறுத்தது. சேர்வதற்கு முன் ஒரு நாள் மதியம் போய், அங்கே சாப்பிடும் மாணவர்களிடம் கேட்பதுதான் வழி.

பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளுக்கு ஒரு தூர விதி உண்டு. வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு அந்த விதி பொருந்தாது. ஆக, ஆத்தூரோ சேலமோ, சின்னசேலத்துப் பிள்ளைக்குத் தூரம் ஒரு தடையே அல்ல. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் மே மாதத்திலேயே கையில் இருந்தால் போதும். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் நிற்கும் வரிசை எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் கல்வராயன் மலைப் பிள்ளைகள் நமக்கெல்லாம் சீனியர்கள். வெள்ளிமலை பக்கத்துக் கிராமங்களிலிருந்து தினமும் மலை இறங்கிக் கல்லூரி போய் வருவது நடக்காத காரியம். அங்கே பலர் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலேயே படித்து வந்தவர்கள். பெட்டியைப் பூட்டுவது, துணி துவைப்பது, தட்டைக் கழுவி வைப்பது எல்லாம் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. கீழே இருக்கும் வீடுகளில் `புள்ள தனியா எப்படி இருக்கும்?' என்று கலங்குகிறோம். மேலே அந்தக் கேள்விக்குப் பதிலாகவே வளர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்றால், படிப்பே இல்லை. அவர்களின் கவலை அதுதான்.

பணத்தில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. எஸ்.சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், விடுதியில் தங்குபவருக்கும் வீட்டிலிருந்து வருபவருக்கும் தொகை வேறு. பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கு விடுதி மாணவருக்கு வருடம் 13,500 ரூபாய், மற்றவருக்கு 7,000. பி.ஏ., பி.எஸ்ஸி. போன்ற பட்டப்படிப்புக்கு 6,000 மற்றும் 3,000. விண்ணப்பத்தில் எதை டிக் செய்கிறோம் என்று பார்த்துச் செய்ய வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை படித்தவர்களுக்கு, மாணவி என்றால் புதுமைப்பெண், மாணவர் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எங்கே தங்கினாலும் இது உண்டு.

இத்தனையும் பார்க்க ஒரே நல்ல நேரம், கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்துவதற்கு முந்தைய வாரம்தான். ஆன்லைனில் சாய்ஸ் கொடுத்து, ஆர்டர் வந்து, பணம் கட்டிய பிறகு தங்கும் இடத்தைத் தேடினால், மிச்சம் இருப்பதில்தான் தேட வேண்டியிருக்கும். பட்டியலில் ஒவ்வொரு கல்லூரிப் பெயருக்குப் பக்கத்திலும் `பஸ்' அல்லது `ஹாஸ்டல்' என்று பென்சிலில் எழுதிவிடுங்கள். எதுவுமே எழுத முடியாத கல்லூரி இருந்தால், அதை வரிசையில் கீழே தள்ளிவிடலாம்.

ஜூன், ஜூலையில் அரசு விடுதியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டாலும் விட்டுவிட வேண்டாம். இரண்டாம், மூன்றாம் கட்ட கவுன்சலிங்கில் பலர் வேறு கல்லூரிக்கு மாறிப் போய்விடுவார்கள். ஆகஸ்ட்டிலும் செப்டம்பரிலும் ஒரு தடவை வார்டனைப் போய்ப் பாருங்கள். அதுவரை பஸ்தான் என்றால், டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள், தூங்குவதற்கு அதுதான் வசதி.