வெட்டத் தழைக்கும் மரம்

வெட்டிய கரும்பு மறுதாம்பு விடுதல்போல, அம்பத்தூரில் வெட்டுண்ட வேம்பின் அடிக்கட்டையும் துளிர்த்தலை யாம் காண்கின்றோம். வேரிற் சேமித்த உணவே அத்துளிரை வளர்க்கின்றது.

இங்கிலாந்தார் இவ்வியல்பறிந்து, ஹேசல் என்னும் சிறுமரத்தை 7 முதல் 10 ஆண்டுகட்கு ஒருமுறை வெட்டிக் கழியும் விறகும் பெற்றனர். வியப்பு யாதெனின், வெட்டப்படாத ஹேசலினும் முறையாக வெட்டப்பட்டதே பன்மடங்கு நெடிது வாழும்.

நம் நாட்டில், 1843-இல் நீலகிரிக்கு வந்த தைலமரம் இவ்வாறே மீண்டும் மீண்டும் விறகளித்தது. அதனால் சோலைகள்மேல் விழுந்த கோடரி குறைந்தது; எனினும் புல்வெளிகள் பல மறைந்தன. சென்னைக்கு விறகளித்த சவுக்கோ நன்கு துளிர்ப்பதன்று, புதிதாக நடல்வேண்டும்.

தரையொட்டிச் சரிவாக வெட்டி, நீர் தேங்காது விடுத்து, இளந்துளிரை ஆடுமாடு மேயாமற் காத்தல் வேண்டும். மேய்ச்சலால் துளிரிழந்த கட்டையே மடிகின்றது. ஆதலின், துளிர்க்கும் கட்டையைத் தோண்டி எறியாது வேலியிட்டுக் காப்போமாக.