பழைய லேப்டாப்புக்கு ஒரு துபாஷி

நம் அன்பர்களின் இல்லங்கள் பலவற்றில் ஒரு பழைய லேப்டாப் பீரோவின் மேல் துணி போர்த்தி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சென்னையில் வேலை பார்க்கும் மகன் புதிது வாங்கியதும் ஊருக்கு அனுப்பியதாக இருக்கும். அல்லது எல்லைக்கு அப்பால் வேலூர்ப் பக்கம் படித்த அக்காள் மகளுக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்து, அவள் படிப்பு முடிந்தபின் நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்து சேர்ந்ததாக இருக்கும். தூக்கிப் போட மனம் வரவில்லை. பயன்படுத்தவும் வழி தெரியவில்லை.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய இயந்திரங்கள் பலவற்றை ஏற்பதில்லை. இந்நிலையில் இத்தகைய லேப்டாப்புக்கு ஏற்ற மாற்று லினக்ஸ். இதற்கு விலை கிடையாது. யாரும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். பழைய இயந்திரத்திலும் ஓடும்.

ஆனால் லினக்ஸைப் போட்டவர்கள் பலர் சொல்லும் முதல் குறை ஒன்றே. "படம் தெரிகிறது, பாட்டுக் கேட்கிறது, வை-ஃபை மட்டும் வரவில்லை" என்பார்கள். இன்று இணையம் இல்லாத லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குடிபாலாவில் இருக்கும் நம் பிள்ளை சித்தூரில் சேர விரும்பினாலும் வேலூரில் சேர விரும்பினாலும், ஆந்திரத்தின் பொறியியல் கவுன்சிலிங், தமிழகத்தின் பொறியியல் கலந்தாய்வு இரண்டுமே இணையம் வழியாகத்தான் நடக்கின்றன. ஆகவே வை-ஃபை வரவில்லை என்றதும் மனம் சலித்து லேப்டாப்பை மீண்டும் பீரோவின் மேலேயே ஏற்றிவிடுகிறோம். அவசியமில்லை. பெரும்பாலான சமயங்களில் வை-ஃபை அட்டை பழுதாகியிருப்பதில்லை. அதனோடு பேசத் தெரிந்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

துபாஷி யார்?

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில் துபாஷி என்று ஓர் உத்தியோகம் இருந்தது. வெள்ளைக்காரர் சொல்வதை நம்மவருக்கும், நம்மவர் சொல்வதை அவருக்கும் எடுத்துச் சொல்லும் இருமொழிக்காரர் அவர். வீட்டில் தமிழும் தாலுகா ஆபீசில் தெலுங்குமாக வாழும் நமக்கு அந்த வேலையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

கணிப்பொறிக்குள் அந்த வேலையைச் செய்யும் சிறிய மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். லினக்ஸ் ஒரு மொழி பேசுகிறது. வை-ஃபை அட்டையில் உள்ள சிப்பு தன் கம்பெனி வகுத்த வேறொரு மொழி பேசுகிறது. நடுவில் டிரைவர் நின்றால்தான் காரியம் நடக்கும்.

இதோடு ஃபர்ம்வேர் என்ற இன்னொன்றும் உண்டு. இன்றைய வை-ஃபை சிப்புகள் பெரும்பாலானவற்றுக்கு நிலையான ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் அதற்குப் பாலபாடத்தைப் புதிதாக ஓதியாக வேண்டும். அந்தப் பாடம் அடங்கிய கோப்புதான் ஃபர்ம்வேர். துபாஷி இருந்தும் பாடம் இல்லாவிட்டால் அட்டை வாய் திறக்காது. லினக்ஸில் வை-ஃபை வராததற்கு இந்த இரண்டில் ஒன்று இல்லாமற்போவதே மிகுதியான காரணம்.

கம்பெனிகளின் மௌனம்

விண்டோஸுக்கு வரும் டிரைவர் லினக்ஸுக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்று கேட்கலாம். சிப்பு செய்யும் கம்பெனிகள் விண்டோஸுக்குத் தாங்களே டிரைவர் எழுதிக் கொடுத்தன. லினக்ஸை அப்போது வாடிக்கையாளராகவே அவை கருதவில்லை. சிப்பின் உள்ளமைப்பைச் சொல்லுங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று கேட்டவர்களுக்கும் பல கம்பெனிகள் பதில் தரவில்லை.

இந்த வழக்கு மிகப் பழையது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஒரு ஜெராக்ஸ் பிரிண்டர் அடிக்கடி காகிதம் சிக்கி நின்றது. அங்கே பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் மென்பொருளைத் திருத்த மூல நிரலைக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்புத் தந்த கசப்பும் 1983-இல் அவர் குனு என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்ததற்கு ஒரு காரணமாயிற்று. 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது. அந்த இயக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு டிரைவர் தகராறு இருந்திருக்கிறது!

லேப்டாப்பில் வை-ஃபை பரவியது 2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோவை வெளியிட்ட பிறகு. முதலில் லினக்ஸுக்கு டிரைவர் தராத இன்டெல், 2004-இல் கொடுத்தது. பிராட்காம் சிப்பு உள்ளவர்கள் பாடுதான் திண்டாட்டமாக இருந்தது. விண்டோஸின் டிரைவரையே லினக்ஸில் ஏமாற்றி ஓட்டும் என்டிஸ்ராப்பர் என்ற தந்திரத்தை வைத்துப் பலர் காலம் தள்ளினார்கள்.

அப்போது தன்னார்வலர் சிலர் ஒரு கடினமான வழியை மேற்கொண்டார்கள். ஒரு குழு கம்பெனியின் டிரைவர் சிப்பை எப்படி இயக்குகிறது என்று ஆராய்ந்து குறிப்பு எழுதியது. அந்த டிரைவரைக் கண்ணாலும் பாராத வேறொரு குழு, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிய டிரைவரை எழுதியது. நகல் எடுத்தார்கள் என்று யாரும் வழக்குப் போட இடம் இருக்கக் கூடாது அல்லவா? இப்படிப் பிறந்த டிரைவர் 2006 ஜூனில் வந்த லினக்ஸ் 2.6.17 பதிப்பில் இடம்பெற்றது.

அப்போதும் ஃபர்ம்வேர் கோப்பைப் பகிர அனுமதி இல்லாததால், பயனர் அதை இணையத்தில் தேடி எடுத்தாக வேண்டியிருந்தது. இணையம் வரக் கோப்பு வேண்டும். கோப்பு வர இணையம் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

காற்று மெல்லத் திசை மாறியது. 2008-இல் ஏதெராஸ் நிறுவனம் கட்டற்ற டிரைவரை வெளியிட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் தன் புதிய சிப்புகளுக்கு அவ்வாறே செய்தது.

இந்தப் பணியில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு பெரியவர் லாரி ஃபிங்கர். அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தில் கனிமங்களின் படிக அமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானி; ஃபிங்கரைட் என்னும் கனிமம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஓய்வுக் காலத்தில் அவர் பிராட்காம், ரியல்டெக் சிப்புகளின் லினக்ஸ் டிரைவர்களை எடுத்துப் பராமரித்தார். யாரோ எங்கிருந்தோ "என் வை-ஃபை வரவில்லை" என்று எழுதினால் பொறுமையாகப் பதில் சொல்வார். 2024 ஜூனில், எண்பது வயதைக் கடந்த நிலையில் காலமானார். குறைந்த விலை லேப்டாப்களில் ரியல்டெக் சிப்பே மிகுதி. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அவர் பெயரை அறியாமலே அவர் உழைப்பில் பாடம் படிக்கிறார்கள்.

தமிழக அரசின் லேப்டாப்

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் முதன்முதலாக வெளியிட்ட இந்திய லினக்ஸ். இதனால் லினக்ஸ் என்ற பெயரே கேள்விப்படாத இல்லங்களுக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. பலர் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

பாஸுக்கு அடிப்படையாக உள்ளது டெபியன் என்னும் லினக்ஸ். மூல நிரல் வெளியிடப்படாத எதையும் தன் அதிகாரபூர்வ நிறுவல் தொகுப்பில் சேர்ப்பதில்லை என்ற கொள்கையை டெபியன் நெடுங்காலம் கைக்கொண்டிருந்தது. வை-ஃபை ஃபர்ம்வேரும் அந்த விலக்கில் அடங்கிற்று. கொள்கை உயர்ந்ததுதான், புதிதாக வருபவர்தாம் வாசலிலேயே தடுக்கி விழுந்தார்கள். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. ஆகவே பத்தாண்டுக்கு முன் முயன்று கைவிட்டவர்களும் இன்று தைரியமாக மறுபடி முயலலாம். நினைவகம் குறைந்த இயந்திரத்துக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்புப் பொருந்தும்.

செய்ய வேண்டியது என்ன?

1. நிறுவும் முன் சோதியுங்கள். லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளிருக்கும் எதுவும் அழியாது. அதிலேயே வை-ஃபை வந்துவிட்டால் கவலை தீர்ந்தது.

2. சுவிட்சைப் பாருங்கள். பழைய லேப்டாப்களில் பக்கவாட்டில் ஒரு சிறு சுவிட்சு இருக்கும். மற்றவற்றில் விசைப்பலகையின் மேல் வரிசையில் ஆகாய விமானப் படம் போட்ட விசை இருக்கும். குழந்தைகள் கைபட்டு அது அணைந்திருக்கலாம். டெர்மினல் என்னும் கட்டளைத் திரையில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், அட்டை முடக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும்.

3. சிப்பின் குலம் கோத்திரம் அறியுங்கள். லேப்டாப்பின் மேல் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரால் பயன் இல்லை. ஒரே மாடலில் இருவேறு வை-ஃபை சிப்புகள் இருப்பதுண்டு. டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகளைச் சிறிய எழுத்தில் சேர்த்து, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் இரண்டு 'என்'களும் தட்டுங்கள். வரும் பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியின் கடைசியில் அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் கம்பெனியைக் குறிக்கும். 8086 என்றால் இன்டெல் (அவர்கள் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் எண்ணும் இதுவே). 14இ4 என்றால் பிராட்காம். 168சி என்றால் ஏதெராஸ். 10இசி என்றால் ரியல்டெக். இரண்டாவது எண் சிப்பைக் குறிக்கும். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. கைபேசியைக் கம்பியால் இணையுங்கள். முன்பு சொன்ன கல்யாணக் கதைக்கு இதுவே முடிவு. ஆண்ட்ராய்டு கைபேசியைச் சார்ஜ் செய்யும் கம்பியால் லேப்டாப்போடு இணைத்து, அமைப்பில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைப் போடுங்கள். கைபேசியின் இணையம் லேப்டாப்புக்கு வந்துவிடும். இதற்கு வை-ஃபை அட்டை தேவையே இல்லை.

5. டிரைவரை வரவழையுங்கள். முதலில் லினக்ஸை முழுவதுமாகப் புதுப்பியுங்கள். புதிய பதிப்பிலேயே உங்கள் சிப்புக்கு வழி இருக்கக்கூடும். பிறகு உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' என்பதைத் திறந்தால், உங்கள் அட்டைக்குத் தனி டிரைவர் தேவைப்படுமானால் அதுவே காட்டும். தேர்ந்தெடுத்து, நிறுவி, மறுபடி இயக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வராவிட்டால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, 'செக்யூர் பூட்' என்னும் பாதுகாப்பு, வெளியிலிருந்து சேர்த்த டிரைவரைத் தடுத்திருக்கலாம். நிறுவும்போது கேட்ட கடவுச்சொல்லை, அடுத்து இயக்கும்போது தோன்றும் நீலத் திரையில் தந்தால் அனுமதி கிடைக்கும். இரண்டு, விண்டோஸும் கூட இருந்தால் அதன் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணையுங்கள். அது லேப்டாப்பை முழுவதுமாக நிறுத்தாமல் அரைத்தூக்கத்தில் வைப்பதால், அட்டை லினக்ஸுக்குச் சரியாகக் கிடைப்பதில்லை. மூன்று, ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தும் சிக்னல் மிகக் குறைவாக வந்தால் ஆன்டெனா கோளாறாக இருக்கலாம். சில லேப்டாப்களில் இரண்டு ஆன்டெனா இணைப்புகளில் ஒன்றுக்கு மட்டுமே கம்பி இருக்கும். டிரைவரோ மற்றதைத் தேடிக்கொண்டிருக்கும். ரியல்டெக் டிரைவர் சிலவற்றில் இதை மாற்றச் சொல்லும் அமைப்பு உண்டு.

எதுவும் பலிக்கவில்லையென்றால் விரல் நகம் அளவே உள்ள யு.எஸ்.பி. வை-ஃபை அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகலாம். கடைக்காரரிடம் எந்தச் சிப்பு என்று கேட்டு, லினக்ஸுக்குள்ளேயே டிரைவர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஏதெராஸ் ஏ.ஆர்.9271 அப்படிப்பட்டது; அதன் ஃபர்ம்வேரின் மூல நிரல்கூட வெளியிடப்பட்டிருக்கிறது.

கேட்டால் சொல்வார்கள்

உதவி கேட்க நமக்குத் தமிழிலேயே இடம் இருக்கிறது. சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. 2012 முதல் நடந்துவரும் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் செய்திகளை எளிய தமிழில் தருகிறது. கேட்கும்போது "வை-ஃபை வரவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எழுதி வைத்த இரண்டு எண்களையும், எந்த லினக்ஸ் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோயாளி தன் வலியின் இடத்தைச் சொன்னால்தான் வைத்தியர் மருந்து தர முடியும்.

இன்னொரு நன்மையும் உண்டு. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்யப் பழக, லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகையைச் செலவின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பட்டுமே!

சங்கக் கூட்டத்துக்கு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய லேப்டாப்பையும் கையோடு எடுத்து வாருங்கள். கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் இரண்டு பேர் கூட உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் நாலைந்து இயந்திரங்களைப் பேச வைத்துவிடலாம். படிக்க வசதியில்லாத ஒரு பிள்ளைக்கு அதில் ஒன்று போய்ச் சேர்ந்தாலும் நமக்கு மனநிறைவு.